செவ்வாய் என்று வந்த புதன்

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே டயாலிசிஸுக்குக் கிளம்பிப் போன மாமா, நான் பால் காய்ச்சி முடிப்பதற்குள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். என் கணவரின் அப்பா அவர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் புதனும் சனியும் முதல் ஷிஃப்ட் அவருடையது. காலை ஐந்து மணிக்கு ஊசி ஏற்றினால் ஒன்பதுக்கு மேல்தான் எழுந்திருக்க முடியும். அப்படிப்பட்டவர் இருட்டு சரியாகப் பிரியாத நேரத்தில் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். பாலை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"என்ன மாமா, மிஷின் ரிப்பேரா?"

"மிஷினு நல்லாத்தான் ஓடுது. என் முறை இன்னைக்கு இல்லியாம். நாளைக்காம்."

"மெசேஜ்ல செவ்வாய்னுதான போட்டிருந்துச்சு?"

"அதத்தான் காட்டுனேன். அந்த சிஸ்டர் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, புதன்னுதான் இருக்குதுன்னு சொல்லிடுச்சு. என்னாட்டம் இன்னும் நாலு பேரு வந்து நின்னாங்க. கீரப்பாளையத்துலேந்து ஒரு அம்மா ஆட்டோ வச்சிகிட்டு வந்துச்சு, பாவம்." நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். விரல் பட்ட இடம் குழிந்து, மெதுவாகத்தான் மேலே வந்தது. "எல்லாரும் என்னத்தாம்மா பாக்குறாங்க."

அவரை ஏன் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிரிவில் யாருக்கு எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த இயந்திரம் என்று ஒதுக்குகிற மென்பொருள் கடலூரில் நான் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் செய்து கொடுத்தது. முறை வருவதற்கு இரண்டு நாள் முன்பு, மாலை ஆறு மணிக்கு, நோயாளிகளின் கைபேசிக்குச் செய்தி அனுப்புவதும் அதுதான். மாமா முதல் செய்தி வந்த அன்றே பக்கத்துக் கட்டில்காரரிடம், "இது என் மருமவ செஞ்சது" என்று சொல்லியிருந்தார். நான் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கான வேறொரு திட்டத்தில்தான் இருந்தேன். டயாலிசிஸ் மென்பொருளை ஒரு தம்பி தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சென்னையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அதை மாமாவிடம் விளக்கிச் சொல்லியும் இருக்கிறேன். "ஒரே கம்பெனிதான" என்பார்.

வழக்கமான வாரமாக இருந்தால் செய்தி தப்பாக வந்தாலும் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். தன் நாள் எது என்று டயாலிசிஸ் நோயாளிக்குத் தெரியாதா. ஆனால் அந்த வாரம் டயாலிசிஸ் இயந்திரங்களுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்ட்டில் வேலை நடந்தது. சிலருக்கு நாள் மாறும், செய்தியில் வருவதைப் பார்த்து வாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். மாமாவும் தன் முறையை ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டார்கள் என்றே நினைத்துக் கிளம்பினார்.

எட்டு மணிக்கு எங்கள் நிறுவனத்தை நடத்துகிற சாரிடமிருந்து அழைப்பு வந்தது. மருத்துவமனை சிஸ்டர் அவரைப் பிடித்து விளாசியிருக்கிறார்.

"ஏம்மா, திங்கக்கெழமயே இந்த மாதிரி ரெண்டு மூணு பேரு கொழம்பியிருக்காங்க. பிளாண்ட் வேலைனால வந்த கொழப்பம்னு விட்டுட்டாங்களாம். இன்னைக்குத்தான் மெசேஜத் தொறந்து பாத்திருக்காங்க. அவுங்க ஸ்கிரீன்ல நாள் சரியா இருக்கு, மெசேஜ்ல ஒரு நாள் முன்னாடி போவுது. அதுவும் மொத ஷிஃப்ட் ஆளுங்களுக்கு மட்டும். நீதான் பாக்கணும், வேற யாரு இருக்கா."

"நான் அந்த ப்ராஜெக்ட்ட ஒரு தடவகூட ரன் பண்ணதில்ல சார்."

"பண்ணிப் பாரு. சாயந்தரம் ஆறு மணிக்கு வெயாழக்கெழம ஆளுங்களுக்கு மெசேஜ் போவும். அதுக்குள்ள புடிக்க முடியலன்னா அனுப்புறத நிறுத்திட்டு சிஸ்டரயே போன் பண்ணச் சொல்லிடலாம். ஆனா எத்தன பேரு போன எடுப்பாங்கன்னு தெரியல."

மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். நிறுவனத்தின் நிரல்கள் சேமித்திருக்கும் களஞ்சியத்திலிருந்து இந்த நிரல் முழுவதையும் இறக்கி, நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் எக்லிப்ஸ் மென்பொருளில் திறந்தேன். இடது பக்கப் பட்டியலில் கோப்புக்குக் கோப்பு சிவப்புப் பெருக்கல் குறி. அம்மை போட்ட மாதிரி இருந்தது. நிரலில் பிழை இருந்தால் அதைத் தேடிப் பிடிக்கலாம். நிரலே ஓடவில்லை என்றால் எதைத் தேடுவது?

முதல் காரணம் சீக்கிரமே தெரிந்தது. அந்தத் தம்பி அதை ஜாவா என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பில் எழுதியிருந்தான். என் கணினியில் இருந்தது புதியது. பழையதை இறக்கி, இந்தத் திட்டத்துக்கு மட்டும் அதையே பயன்படுத்தச் சொன்னேன். சிவப்புக் குறிகள் பெரும்பாலும் மறைந்தன. மிச்சமிருந்தவை எல்லாம் ஒரே புகாரைச் சொல்லின: செய்தி அனுப்புகிற பகுதிக்கு வேண்டிய ஒரு கோப்பு காணோம். நமக்கு வேண்டிய பகுதியே அதுதான்.

சென்னைக்குப் போன் போட்டேன். அவன் மின்சார ரயிலில் இருந்தான். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"அந்த ஜார் ஃபைல் மெசேஜ் கம்பெனிக்காரங்க மெயில்ல குடுத்ததுக்கா. என் பழைய லேப்டாப்ல லிப் ஃபோல்டர்ல கெடக்கும். கோட் கூட சேக்க மறந்துட்டேன்."

"அந்த லேப்டாப் எங்க இப்ப?"

"சார்கிட்டதான்க்கா. பீரோவுல வச்சாரு."

அந்த நேரம் பார்த்து மின்விசிறி நின்றது. மாமா உள்ளேயிருந்து சொன்னார்: "இன்னைக்கு ஷட்டவுன். ஒம்போது மணிக்குப் புடுங்குனா சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் குடுப்பாங்க." வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் துணை மின்நிலையத்தில் என்றைக்கு என்ன வேலை என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

என் மடிக்கணினியின் பேட்டரி பழையது, ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். இனி வீட்டில் உட்கார்ந்து பயனில்லை. மாமாவுக்கு மதியச் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்தேன். இன்னும் ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வாயெடுக்கும் முன் அவரே, "தெரியும்மா, நீ போய்ட்டு வா" என்றார். கணவர் காலையில் அவரைக் கூட்டிவந்து விட்டுவிட்டு அப்படியே தன் வேலைக்குப் போய்விட்டிருந்தார். மாமாவைத் தனியாக விட்டுப் போவது எனக்கு உறுத்தலாக இருந்தது. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

கடலூர் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் ஷிஃப்ட் மட்டும் ஏன் என்ற ஒன்றையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு வந்தேன். பிழை நாளில் என்றால் எல்லோருக்கும்தானே நாள் தப்ப வேண்டும்? பத்தரை மணிக்கு ஆரம்பிக்கும் இரண்டாவது ஷிஃப்டில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. பு.முட்லூர் தாண்டியதும் மாமா அழைத்தார். அவர் குரலைக் கேட்டதுமே அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நம்ப கிள்ளைக்காரரு இருக்காருல்ல, போன மாசம் வரைக்கும் என் பக்கத்து பெட்டு? அவர அட்மிட் பண்ணிட்டாங்களாம். மூச்சு வாங்குதாம்."

"ஏன் மாமா, என்னாச்சு?"

"அவருக்கு இப்ப திங்களும் வெயாழனும் மொற. ஞாயித்துக்கெழமன்னு மெசேஜ் வந்திருக்கு. பிளாண்ட் வேலைக்காவ ஞாயிறும் தொறக்குறாங்க போலன்னு கௌம்பி வந்துருக்காரு. பூட்டிக் கெடந்துருக்கு. வாட்ச்மேன், வேற மெசேஜ் வரும் வீட்டுல இருங்கன்னு சொல்லி அனுப்பிட்டானாம். திங்கக்கெழம வரவே இல்ல. போன வெயாழன் பண்ணதோட சரி."

"சிஸ்டர் போன் பண்ணலியா?"

"பண்ணாங்களாம். சுவிச் ஆஃப்."

"சீக்கிரம் பாரும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கு முன் அவர் என்னை எதிலும் அவசரப்படுத்தியதில்லை.

வியாழன் முதல் செவ்வாய் வரை. சிறுநீரகம் வேலை செய்யாத ஒரு மனிதரின் உடம்பில் அத்தனை நாளும் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அவரை நான் பார்த்திருக்கிறேன். கிள்ளை என்ற ஊரிலிருந்து வருபவர், பிச்சாவரத்தில் படகு ஓட்டியவர், கட்டிலில் படுத்துக்கொண்டே கைபேசியில் பழைய நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரிப்பவர். ஆலப்பாக்கம், முதுநகர் எல்லாம் எப்போது வந்தன என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு எதிரே சிவப்புக் குறிகளே நின்றன.

அலுவலகத்தில் சார் பீரோவிலிருந்து பழைய மடிக்கணினியை எடுத்துச் சார்ஜில் போட்டிருந்தார். அதற்கு உயிர் வர நேரம் எடுத்தது. உயிர் வந்ததும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போவதாகத் திரையில் சொல்லிவிட்டு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சார் நகத்தைக் கடித்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றார். எனக்கு அவரிடம் கத்த வேண்டும் போல இருந்தது, அவர் ஒன்றும் செய்யாதபோதும்.

கடைசியில் அந்தக் கோப்பு கிடைத்தது. அதை என் கணினியில் சேர்த்தேன். சிவப்புக் குறிகள் எல்லாம் போயின. ஓடவிட்டேன். அடியிலுள்ள பெட்டியில் எழுத்துகள் வேகமாக ஏறி, சடாரென்று நின்றன. இந்தத் திட்டம் கேட்கிற இணைப்பு எண்ணை ஏற்கெனவே வேறெதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்றது கடைசி வரி. என் பேருந்துத் திட்டம்தான். நேற்று ஓடவிட்டது பின்னால் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன். இந்த முறை நிற்கவில்லை.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருத்துவமனைத் தரவின் நகலில் மாமாவின் பெயரைத் தேடி எடுத்தேன். புதன், காலை ஐந்து மணி. செய்தியை யாருக்கும் அனுப்பாமல், அது எப்படி வரும் என்பதை மட்டும் திரையில் காட்டச் சொன்னேன்.

'தங்கள் முறை: புதன், முதல் ஷிஃப்ட்.'

சரியாக இருந்தது. கிள்ளைக்காரருடையதைப் பார்த்தேன். திங்கள் என்று வந்தது. கீரப்பாளையத்து அம்மாவுக்கும் சரி. ஒவ்வொன்றாக முதல் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரையும் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை.

"உன் மிஷின்ல கரெக்டா இருக்கே" என்றார் சார்.

இந்தத் தொழிலில் எல்லோரும் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் அது. அன்று எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து நிரலை ஓடவைக்கப் பட்ட பாடெல்லாம், அதில் குற்றமே இல்லை என்று காட்டத்தானா? அங்கே ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார். எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வரும்போது சார் சிஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இல்ல சிஸ்டர், பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்... அவரு எப்பிடி இருக்காரு?... ஐசியூவுலயா?" அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சார், நான் வேற ப்ராஜெக்ட்ல இருக்கேன், எனக்குத் தெரியாம இதுல சமீபத்துல எதாவது மாத்துனீங்களா?"

"கோட்ல யாரும் கை வைக்கல. சர்வர மட்டும் மாத்துனோம். சனிக்கெழம மத்தியானம்."

சனிக்கிழமை மாலை போன செய்திதான் கிள்ளைக்காரருக்கு ஞாயிறு என்று போனது.

"புது சர்வர் எங்க இருக்கு?"

"எங்கியோ வெளிநாட்டுல. நமக்கு அது எங்க இருந்தா என்ன?"

செய்தி அனுப்பும் நிரல் ஓடுகிற கணினியான அந்தச் சர்வரின் பதிவுக் குறிப்புகளைத் திறக்கச் சொன்னேன். அது செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் நேரம் போட்டு ஒரு வரி எழுதிக்கொண்டே வரும். கடைசி வரியைப் பார்த்தேன். சற்றுமுன் எழுதப்பட்ட வரி. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஆகப்போகிறது. அந்த வரியில் ஒன்பதரைகூட ஆகவில்லை. சிஸ்டம் பழுதா என்று ஒரு நொடி குழம்பினேன். பிறகு தலைக்குள் ஒவ்வொன்றாக இடத்தில் போய் உட்கார்ந்தது. பழைய சர்வர் நம் நாட்டு நேரத்தில் ஓடியது. புதியது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நமக்குப் புதன் காலை ஐந்து மணி என்றால் அதற்குச் செவ்வாய் இரவு பதினொன்றரை. செய்தியில் போவது கிழமையும் ஷிஃப்ட் பெயரும் மட்டும்தான், மணி கிடையாது. ஆகவே கிழமை மட்டும் முந்தைய நாளாகிப் போகிறது. பத்தரை மணி ஷிஃப்டுக்கு ஐந்தரையைக் கழித்தாலும் அதே நாள் காலைதான். அதனால் அவர்களுக்குப் பாதிப்பில்லை. சிஸ்டரின் திரையோ அங்கேயுள்ள கணினியின் நேரத்தை எடுத்துக்கொண்டு சரியாகவே காட்டியிருக்கிறது. ஆறு மணிக்குச் செய்தியை அனுப்பச் சொல்வதும் அந்தக் கணினிதான், அதனால் அந்த நேரமும் மாறவில்லை. என் கணினியும் கடலூரில்தான் இருக்கிறது, அதனால்தான் அதில் தப்பே வரவில்லை.

சாரிடம் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. காரணம் பிடிபட்டுவிட்டது என்று நானும் நம்பத் தயாராக இல்லை. காலையிலிருந்து நான் நிச்சயம் என்று நினைத்ததெல்லாம் பொய்த்திருந்தது. எக்லிப்ஸில் நிரல் ஓடுவதற்கான அமைப்புகளைத் திறந்து, நேர மண்டலத்தை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். என் கணினி கடலூரில் இருப்பதை மறந்துவிட்டு அந்தச் சர்வர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஓடவிட்டு, மாமாவின் பெயரை எடுத்தேன்.

'தங்கள் முறை: செவ்வாய், முதல் ஷிஃப்ட்.'

ஒரு தப்பைப் பார்த்து அவ்வளவு நிம்மதி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. வந்த வேகத்திலேயே அது போயும் போயிற்று. அந்தச் செவ்வாய் என்ற சொல்லை நம்பித்தான் மாமா வீங்கிய காலோடு இருட்டில் போய்த் திரும்பினார்.

திருத்தம் பெரியதில்லை. சர்வரில் ஒரு அமைப்பை மாற்றினாலே போதும் என்றார் சார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு வேறு சர்வருக்கு மாற்றினால் மறுபடி இதே கதை. சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் கிழமையை இந்திய நேரத்தில்தான் கணக்கிட வேண்டும் என்று நிரலுக்குள்ளேயே எழுதினேன். என் கணினியை இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் மாற்றி மாற்றி வைத்து, எல்லாப் பெயரையும் ஓட்டிப் பார்த்தேன். விடுபட்ட அந்தக் கோப்பையும் களஞ்சியத்தில் சேர்த்தேன். சர்வரில் ஏற்றும்போது ஐந்து மணியைத் தாண்டியிருந்தது. சோதனைக்கு மாமாவின் எண்ணுக்கு மட்டும் செய்தியை அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார்.

"புதன்னு ஒண்ணு வந்துருக்கு. நாளைக்குன்னு காலையிலியே சொல்லிட்டாங்களேம்மா, இது எதுக்கு?"

"சரியா வருதான்னு பாத்தேன் மாமா. கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

ஆறு மணிக்கு வியாழக்கிழமைச் செய்திகள் போயின. சாரும் நானும் பதிவுக் குறிப்பில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தோம். எல்லாம் வியாழன். அதன் பிறகும் சிஸ்டரை விட்டு முதல் ஷிஃப்ட் ஆட்களை எல்லாம் போனில் கூப்பிட்டு உறுதிசெய்யச் சொன்னோம். கிள்ளைக்காரருக்கு மதியமே அவசர டயாலிசிஸ் போட்டுவிட்டதாகவும் மூச்சு கொஞ்சம் சீராகியிருப்பதாகவும் சிஸ்டர் சொன்னார். "கொஞ்சம்" என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமலே ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலை மாமாவை நானே கூட்டிப்போனேன். அவருக்கு ஊசி ஏற்றும் வரை இருந்துவிட்டு மாடிக்குப் போனேன். ஐசியூ வாசலில் கிள்ளைக்காரரின் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் பேருந்தில் யோசித்து வைத்ததெல்லாம் அங்கே உதவவில்லை.

"அக்கா, அந்த மெசேஜ் தப்பா வந்தது எங்க கம்பெனி ப்ரோக்ராம்னால. புதுசா ஒரு சர்வர் மாத்துனாங்க, அதுல நேரம் வேற. நாங்க சரியா பாக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவரு அப்பவே சொன்னாரு, ஞாயித்துக்கெழம எப்புடி தொறப்பாங்கன்னு. நான்தான், மெசேஜே வந்துருக்கு, கௌம்புங்கன்னேன்." பிறகு, "இப்ப சரி பண்ணிட்டீங்களா?" என்றார்.

"பண்ணிட்டோம்."

"இனிமே வர்றத நம்பலாமா?"

"சந்தேகமா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க" என்று என் எண்ணைக் கொடுத்தேன்.

அவர் கணவர் வெள்ளிக்கிழமை வார்டுக்கு மாறினார்; அதற்கு அடுத்த வாரம் வழக்கமான கட்டிலுக்கு வந்துவிட்டார். மாமா அவரிடம் போனில் என்ன பேசினார் என்று தெரியாது. என்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

கிள்ளைக்காரரின் மனைவி நான் சொன்னபடி போன் செய்தார். வாரத்துக்கு இரண்டு தடவை, செய்தி வந்த சூட்டோடு. "வெயாழன்னு போட்டுருக்கு. சரிதானா?" முறை எது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. இருந்தாலும், "ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்று சொல்லி, கணினியைத் திறந்து, சர்வரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பேன். அந்த ஒரு நிமிடமும் அவர் போனை வைக்காமல் காத்திருப்பார்.